வெளிநாட்டுத் தலைக்கட்டு

லைன் அறுந்து கிடந்தால், அறுத்தது அணிலா ஆளா என்று நாகராசு நுனியைப் பார்த்தே சொல்லிவிடுவான். அணில் கொறித்திருந்தால் பல்லுப் பல்லாக இருக்கும். ஆள் அறுத்திருந்தால் ஒரே வெட்டு. அந்த ஐப்பசி மாதம் அவன் பார்த்த நுனிகள் எல்லாம் ஒரே வெட்டாக இருந்தன.

அன்னவாசலிலிருந்து குடுமியான்மலை போகிற ரோட்டில் தைலமரக் காட்டைத் தாண்டி உள்ளே திரும்பினால் ஆவாரங்குடிப்பட்டி. செம்மண் பொட்டல், மழை வருமா வராதா என்று வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற கண்மாய், அதைச் சுற்றிக் கடலைக் கொல்லைகள். ஊருக்குள் போஸ்ட்டுக்குப் போஸ்ட் தொங்கிக்கொண்டு போகிற கறுப்பு ஒயர் மொத்தமும் நாகராசு இழுத்தது. முதலில் அதில் கேபிள் டிவி வந்தது, இப்போது இன்டர்நெட் வருகிறது. ஏணியையும், கிளையில் சிக்கிய ஒயரைத் தூக்கிவிடுகிற மூங்கில் தொரட்டியையும் டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் சோற்று நேரத்துக்குத்தான் வீடு திரும்புவான். அவன் பெண்டாட்டி அமராவதி வீட்டிலிருந்து போன் எடுப்பாள். பெட்டியை அணைத்துப் போடுங்க மதினி, சிவப்பு லைட் எரியுதா சொல்லுங்க அத்தை என்று நாளெல்லாம் அவளுக்கு இதே பேச்சுதான். போஸ்ட் மேலே நின்று ஜாயிண்ட் போட்டுவிட்டு அவன் "இப்ப வருதா?" என்று கத்துவான். கீழே அந்த வீட்டுப் பெண் டிவியையோ போனையோ பார்த்து "வருது" என்பாள், இல்லையென்றால் "வரல" என்பாள். வரல என்றால் அவன் இறங்க முடியாது. வெயிலோ காற்றோ மேலேயே நின்று மறுபடியும் பிரித்துப் போட வேண்டும்.

வீட்டின் முன் அறைதான் லைன் ரூம். அங்கேதான் எதை எந்த வேகத்தில் விடுவது என்று முடிவு செய்கிற கம்பெனிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து லைன் கொடுக்கிற கம்பெனியை நடத்துகிறவன் ரெங்கராஜின் மச்சினன். ரெங்கராஜ் இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்தவன். பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்த பிறகும் ஊர் அவனை பிரசிடெண்டு என்றே கூப்பிட்டது. அவன் ஜல்லிக்கட்டுக்கென்று ஒரு சேனல் வைத்திருந்தான். அதில் பாதி நேரம் அவனுடைய செவலைக் காளையும் மீதி நேரம் அவனும் வருவார்கள். பெட்டி வந்த நாளிலிருந்து அந்தச் சேனல் தண்ணீர் மாதிரி ஓடியது. வெளிநாட்டிலிருந்து வருகிற வீடியோ கால் மட்டும் இழுத்து இழுத்து, மகன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஒழுங்காக வரவேண்டும் என்றால் தனியாகக் காசு கட்டி 'வெளிநாட்டு பேக்' போட வேண்டும் என்று சொன்னார்கள். பாதி வீட்டுப் பிள்ளைகள் குவைத்திலும் சிங்கப்பூரிலும் கிடக்கிற ஊர். பெண்கள் கடுகு டப்பாவைத் தடவிக் காசு கொடுத்தார்கள்.

ஒரே ஒயர். நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு, உன் பிள்ளை முகம் அப்புறம் வரட்டும், பிரசிடெண்டு மாடு முதலில் வரட்டும் என்று சொல்வதற்குப் பெயர் வியாபாரமா, வழிப்பறியா? ஊர் வியாபாரம் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தது. வழிப்பறி என்று முதலில் சொன்னவன் சேவுகன்.

சேவுகன் அமராவதியின் தம்பி. துபாயில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். அவன் இருந்த காலத்தில் அங்கே போன் வழியாக நெட் கால் பேச முடியாது, தடுத்து வைத்திருந்தார்கள். தகப்பன் சாகக் கிடந்தபோது அமராவதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாய்ந்து மாய்ந்து முயற்சி செய்தாள். கிழவர் வாசலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சேவுகனுக்கு வந்தது ஒரு குறுஞ்செய்தி. அதன் பிறகு அவன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து கடலை போட்டான். ஊரில் அதே கதையைக் காசுக்கு நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தேர்தல் வருகிறது என்றதும் தலைவருக்கு நிற்கிறேன் என்றான். நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டவர்களிடம் ரோடு, தண்ணீர் என்று எதுவும் சொல்லவில்லை. லைனில் வருவது எல்லாம் ஒரே வேகத்தில் வரவேண்டும், ஆள் பார்த்து வேகம் கொடுக்கிறவனுக்குத் தெருவில் போஸ்ட் கிடையாது என்றான். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. அதுதான் ரெங்கராஜுக்கு உறைத்தது.

ஆவாரங்குடிப்பட்டியில் தலைவர் பதவிக்குப் போட்டி என்பது வழக்கத்தில் இல்லை. மனுத் தாக்கலுக்கு முன்பே கோயில் திடலில் ஊர் கூடி ஒரு ஆளை முடிவு செய்துவிடும், மற்றவர்கள் மனுப் போட மாட்டார்கள். வரி கொடுக்கிற வீட்டுத் தலைவனைத் தலைக்கட்டு என்பார்கள். தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. வெளிநாட்டில் இருக்கிறவனும் கோயில் வரி கொடுக்கிறான், அவனுக்குப் பேச்சு இல்லையா என்று சண்டை வந்து, சில வருடங்களாகத் திடலில் ஒரு பெரிய டிவியை வைத்து அவர்களையும் கூட்டத்தில் உட்கார வைக்கிறார்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை நடப்பதே குவைத்தில் அன்று லீவு என்பதால்தான். அதற்குக் கட்டுப்பாடும் உண்டு. லைன் முழுதாக அறுந்துபோனால் கூட்டம் தள்ளிவைக்கப்படும். லைன் இருந்து, பார்த்து, கேட்டு, ஊர்க் கூட்டத்தை நடத்துகிற பெரியவரான அம்பலம் மூன்று முறை மறுப்பு உண்டா என்று கேட்டும் பேசாமல் இருந்தால் அவன் சம்மதித்ததாகக் கணக்கு. உள்ளூரில் பாதிக்குப் பாதி. வெளிநாட்டுத் தலைக்கட்டில் முக்கால்வாசி சேவுகன் பக்கம். இது எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரெங்கராஜ் மூன்று ஆட்களோடு லைன் ரூமுக்கு வந்தான். அமராவதி களையெடுக்கத் தம்பி கொல்லைக்குப் போயிருந்தாள். வந்தவர்களில் ஒருவன் மேசை மேல் இருந்த ஜாயிண்ட் போடுகிற மெஷினை எடுத்துப் பார்த்து, இது என்ன விலைண்ணே என்று கேட்டுக்கொண்டே தரையில் போட்டான். பிறகு அதன் மேல் ஏறி நின்றான். நாகராசு வாயைத் திறப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. காது இரைந்தது.

"படம் அங்கிட்டுப் போகணும், சத்தம் போகணும். அவங்க பாக்கணும், கேக்கணும். அவங்க வாயி மட்டும் இங்கிட்டு வரக் கூடாது. பெட்டியில அதுக்கு வழி இருக்குன்னு மச்சினன் சொல்லிட்டான்" என்றான் ரெங்கராஜ். அவன் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"சேவுகன் எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவங்க. எம் மகனுக்குத் தாய்மாமன். வேற என்ன வேணாலும் சொல்லுங்க."

"அதுனாலதான் ஒங்கிட்ட வந்து ஒக்காந்து சொல்றேன். வேற ஆளுன்னா சொல்லவே மாட்டேன். தெருப் போஸ்ட்டுல ஒயர் கட்டலாம்னு போட்டது யாரு கையெழுத்து? இம்புட்டு நாளும் அங்கங்க ஒயரு அறுந்துச்சுல்ல, அது சும்மா ஒரு கோடி காட்டுனது. ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு விடியிறதுக்குள்ள ஒன் ஒயரு பூராவும் கண்மாயில கெடக்கும். அப்பறம் நீ எந்த ஊருல போயி ஏணியச் சாத்துவ?"

நாகராசு குனிந்து உடைந்த மெஷினைப் பொறுக்கினான். வெள்ளிக்கிழமை மட்டும்தானே, கொஞ்ச நேரம்தானே என்று அவன் மனதுக்குள் ஓடியது. பயந்தவனுக்கு எப்போதும் காலம் சின்னதாகத்தான் தெரியும். அன்று களையெடுத்தவர்கள் வீடு திரும்பியதும், பொழுது சாய்வதற்குள் சேவுகன் கொல்லையில் மோட்டார் ரூம் எரிந்தது. கட்டிப்போட்டிருந்த நாய் உள்ளே கிடந்து வெந்திருந்தது.

கொல்லையிலிருந்து வீட்டுக்கு வந்த அமராவதி புருஷன் கன்னத்தைப் பார்த்தாள். ஏணி சறுக்கிவிட்டது, மெஷினும் விழுந்துவிட்டது என்றான் அவன். ஏணிக்கு ஐந்து விரல் இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா? யார் என்று கேட்டாள். அவன் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். அவள் பின்னாலேயே போய் மறுபடியும் கேட்டாள். நீங்க எதையாச்சும் ஒத்துக்கிட்டு வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க என்றாள். ஒன்றுமில்லை என்று வாளியைப் பார்த்துச் சொன்னான்.

வியாழக்கிழமை மதியம் சேவுகன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மேகம் கூடிக் கூடிக் கலைந்து, சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற புழுக்கம். அமராவதி கருவாட்டுக் குழம்பு வைத்து, மொச்சையைத் தாளித்திருந்தாள். ஆண்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவள் குழம்பை ஊற்றிவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டாள். எரிந்துபோன மோட்டாரைக் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனதாகவும், காயில் உருகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சேவுகன் சொன்னான். காயிலைப் பற்றிச் சொன்னவன் நாயைப் பற்றிச் சொல்லவில்லை. சோற்றை உருட்டி வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

"மனுவ விட்ரு தம்பி. மோட்டார எரிச்சவன் நாளைக்கு ஆள எரிப்பான்" என்றாள் அமராவதி.

"நம்ம அப்பா மொகத்தப் பாத்தீல்லக்கா நீ? நான் பாக்கல. இந்த ஊருல இன்னொருத்தன் பாக்காமப் போகக் கூடாது. அம்புட்டுத்தான் நான் கேக்குறது."

"அதுக்கு நீ சாகணுமா?"

"சாக மாட்டேன். வெள்ளிக்கெழம அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒம் மகனும் பாப்பான். பாக்குறவங்க முன்னாடி எவன் கைய வைப்பான்?" என்று சொல்லிவிட்டுச் சேவுகன் நாகராசு பக்கம் திரும்பினான். "லைனுக்கு நீங்க இருக்கீங்க மச்சான். அந்த தைரியந்தான் எனக்கு."

நாகராசு குழம்பில் கிடந்த கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பிய்த்த துண்டை வாயில் வைக்கவில்லை. "லைன் போகாது மாப்ள" என்றான். அது பொய்யில்லை. லைன் போகாதுதான். அமராவதி அந்தப் பதிலைக் கேட்டாள், அவன் முகத்தையும் பார்த்தாள். சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை அவளே சட்டியோடு கழுவி ஊற்றினாள். ஒரு புருஷன் அந்த அளவுக்குப் போவான் என்று எந்தப் பெண்டாட்டி நினைப்பாள்?

வெள்ளிக்கிழமை காலையிலேயே நாகராசு திடலுக்கு லைன் இழுத்தான். வேப்பமரக் கிளைகளுக்கு மேலே ஒயரைத் தொரட்டியால் தூக்கிப் போட்டு, வேலை முடிந்ததும் தொரட்டியை அந்த மரத்திலேயே சாத்தி வைத்தான். கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, டிவியையும் திடலைப் பார்த்த ஒரு கேமராவையும் கோயில் மண்டபத்துப் படியில் வைத்தான். போன கூட்டத்துச் சண்டையைப் படம் பிடித்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள் என்பதால் இந்தமுறை போன்களை எல்லாம் வாசலில் ஒரு கூடையில் போடச் சொல்லிவிட்டார் அம்பலம். லைன்காரன் போன் மட்டும் அவன் மடியில் இருந்தது.

மூன்று மணி வெயிலில் ஊர் கூடியது. ஆண்கள் திடலில், பெண்கள் மண்டபத்தின் ஓரமாக. டிவியில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். தொப்பி போட்டவன், கட்டிலில் உட்கார்ந்திருப்பவன், சமையலறையில் நிற்பவன். மூலையில் ஒரு கட்டத்தில் திடலே தெரிந்தது. குவைத்தில் இருக்கிற அமராவதியின் மகன் சிவபிரகாஷ் நடுவரிசையில் இருந்தான். அம்மா என்று கையைக் காட்டினான். பேக் இல்லாமலேயே முகம் தெளிவாக வந்தது. கூட்டத்துக்காக வேகத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ரெங்கராஜ் முதலில் பேசினான். ரோடு போட்டதையும் கோயிலுக்கு வர்ணம் அடித்ததையும் சொல்லி உட்கார்ந்தான். அடுத்து சேவுகன் எழுந்தான். லைன், பெட்டி, வேகம் என்று ஆரம்பித்தபோது திடலில் கொட்டாவி விட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அவன் அந்தத் தப்பைச் செய்தான்.

"சரி, இப்புடிச் சொல்றேன். வாடிவாசல்ல நம்ம என்ன செய்யிறோம்? கோயில் காளைய மொதல்ல அவுத்து வுடுறோம். அது சாமி மாடு. அதுக்கப்பறம் டோக்கன் பிரகாரந்தான். பெரிய வீட்டு மாடு, ஏழ வீட்டு மாடுன்னு கெடையாது. எடையில ஒருத்தன் மாட்ட நொழைச்சா வுடுவோமா? லைனும் ஒரு வாசதாங்க. எங்க அக்கா மகன் பேச்சும் பிரசிடெண்டு சேனலும் அதுல ஒரே வரிசையில வரணும். வாசல்ல நிக்கிறவன் ஆளு பாத்துத் தொறக்கக் கூடாது."

திடல் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அதன் காதில் விழுந்தது லைன் இல்லை, மாடு. போன தை மாதம் ரெங்கராஜின் செவலையை டோக்கன் மாற்றி, பிடிக்கிற பையன்கள் களைத்துக் கிடந்த நேரமாகப் பார்த்து அவிழ்த்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. அதில் அன்றைக்கே இரண்டு மண்டை உடைந்து, இன்னும் பேசாமல் இருக்கிற பங்காளிகள் உண்டு. பின்னாலிருந்து ஒருவன், செவலைக்கு எந்த டோக்கன் என்று கேட்டுச் சொல்லு என்று கத்தினான். ரெங்கராஜ் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். சேவுகன், நான் மாட்டைச் சொல்லவில்லை, லைனைச் சொல்கிறேன் என்று கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். யாருக்குக் கேட்கிறது?

அம்பலம் தடியைத் தரையில் தட்டிக் கூட்டத்தை அடக்கினார். ரெங்கராஜையே ஊர் ஆளாக நிறுத்துவது என்று ஒரு பேச்சு இருக்கிறது, மறுப்பு உண்டா என்றார். உள்ளூரில் பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். அவர் டிவி பக்கம் திரும்பினார். மறுப்பு உண்டா என்று கேட்டார்.

அந்த நொடியில் முகங்கள் எல்லாம் நின்றன. சிவபிரகாஷின் கை பாதி தூக்கியபடி, வாய் திறந்தபடி நின்றது. அம்பலம் இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். கூம்பு ஸ்பீக்கரிலிருந்து ஒரு மூச்சுக்கூட வரவில்லை.

"பாத்தாங்க, கேட்டாங்க, பேசல. அப்பச் சம்மதந்தான்" என்றான் ரெங்கராஜ்.

அமராவதி வருடக்கணக்கில் கோளாறு கேட்டவள். லைன் மந்தமானால் ஒரு முகம் உடையும், ஒன்று நிற்கும், ஒன்று ஓடும். ஒரே நேரத்தில் அத்தனை முகமும் நிற்காது. மூலைக் கட்டத்தில் திடல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அதாவது இங்கேயிருந்து அங்கே போகிறது, அங்கேயிருந்து இங்கே வரவில்லை. லைன் கோளாறுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அவள் புருஷனைப் பார்த்தாள். திடலில் அத்தனை பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒருவன்தான் குனிந்து, பெட்டியைத் திறக்கவும் மூடவும் செய்கிற மடிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேவுகனும் அதைத்தான் பார்த்தான். நேராக நடந்து போய் நாகராசு சட்டையைப் பிடித்துத் தூக்கினான். "எம் மொகத்தப் பாருங்க மச்சான்" என்றான். நாகராசு பார்க்கவில்லை. சேவுகன் அறைந்தான். செவ்வாய்க்கிழமை அறை விழுந்த அதே கன்னம்.

அமராவதி வீட்டைப் பார்த்து ஓடினாள். பெட்டியை விலக்கி அந்த வெளிநாட்டுக் குரல்கள் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் சண்டைக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் திடல் வெடித்தது. சேவுகன் மேல் ரெங்கராஜ் ஆட்கள் பாய்ந்தார்கள். அவர்கள் மேல் தை மாதத்து டோக்கன் கணக்கைத் தீர்க்கக் காத்திருந்தவர்கள் பாய்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. மண்டபத்துப் பாவுகல் பெயர்ந்து கிடந்ததை எடுத்து ஒருவன் இன்னொருவன் முதுகில் போட்டான். பங்காளி பங்காளியை மண்ணில் தள்ளி முகத்தில் மிதித்தான். ஒரு பெண் தன் கொழுந்தனின் காலைக் கட்டிக்கொண்டு இழுபட்டாள். எதற்காக அடிக்கிறோம் என்று கேட்டால் செவலை என்பார்கள், டோக்கன் என்பார்கள், போன வருடத்து வரப்பு என்பார்கள். லைன் என்று ஒருவனும் சொல்லியிருக்க மாட்டான்.

நாகராசு விழுந்த இடத்திலிருந்து எழுந்தான். கடைவாயில் ரத்தம். ஊர் முன்னால் மச்சினன் கையால் அடி. அதைவிட, செய்தது தெரிந்துபோய்விட்டது. செவ்வாய்க்கிழமை அடித்தவனைத் திருப்பி அடிக்க முடியாதவனுக்கு அந்தக் கோபமும் சேர்ந்து வந்தது. வேப்பமரத்தில் சாத்தியிருந்த தொரட்டி கைக்கு வந்தது. சேவுகன் இரண்டு பேரை உதறிவிட்டு எழுந்துகொண்டிருந்தான். நாகராசு ஓங்கி வீசினான். நுனியில் இருந்த இரும்புக் கொக்கி சேவுகனின் புருவத்தில் ஏறிக் காது வரைக்கும் கிழித்துக்கொண்டு போனது. ஒயரை இழுக்கிற பழக்கத்தில் கை தானாக இழுத்தது. சேவுகன் மண்டபத்துத் தூணைப் பிடித்துச் சரிந்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கினான். இரண்டாவது அடி கையில் விழுந்து எலும்பு உடைந்த சத்தம் கேட்டது.

வீட்டில் லைன் ரூம் பூட்டியிருந்தது. சாவி நாகராசு இடுப்பில். அமராவதி அம்மிக் குழவியைத் தூக்கி வந்து பூட்டை அடித்தாள். பூட்டு நெளிந்தது, விடவில்லை. கொண்டியைப் பார்த்து அடித்தாள். குழவியோடு சேர்ந்து அவள் விரலும் நசுங்கியது. கதவு திறந்ததும் கம்பெனிப் பெட்டிக்குள் போய் வெளியே வருகிற ஒயர் இரண்டையும் உருவி, ஒன்றை எடுத்துப் பெட்டியை விட்டுவிட்டு நேராக லைனில் செருகினாள். அவன் இல்லாத நாட்களில் அவள் செய்கிற வேலைதான். பச்சை லைட் எரிந்தது. பிறகு அந்தப் பெட்டியைத் தரையில் வைத்து, குழவியால் அது சப்பையாகிற வரைக்கும் அடித்தாள்.

திடலில் நாகராசு மூன்றாம் முறை தொரட்டியை ஓங்கியிருந்தான். கூம்பு ஸ்பீக்கர் வாயைத் திறந்தது.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு அத்தனை பேரின் குரலும் ஒன்றாகக் கொட்டியது. அவர்கள் வாய்தான் இங்கே வரவில்லையே தவிர, இங்கே நடந்தது முழுவதும் அங்கே போயிருந்தது. பார்த்தும் கேட்டும் பேசாமல் இருந்தார்கள் என்று கணக்குக் காட்டுவதற்காகத் திறந்து வைத்த வழியில், ஒவ்வொருவனும் தன் வீட்டு ஆள் என்ன செய்கிறான் என்று ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் தகப்பனைக் கூப்பிட்டுக் கல்லைக் கீழே போடச் சொன்னான். ஒருவன் தம்பி பெயரைச் சொல்லி அழுதான். ஒருவன் வசை வசையாகத் திட்டினான். மண்ணில் உருண்டவர்கள் தலையைத் தூக்கினார்கள். தன் வீட்டுக் குரலைக் கேட்டவன் கையை எடுத்தான். அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது.

"அப்பா, மாமாவ அடிக்காதீங்கப்பா. நான் பாத்துக்கிட்டுதாம்ப்பா இருக்கேன்."

நாகராசு தொரட்டியை ஓங்கியபடியே மரத்து உச்சியைப் பார்த்தான். மகன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தானோ என்னவோ. தொரட்டி கையிலிருந்து நழுவியது. அதற்குப் பிறகும் ரெங்கராஜ் ஆள் ஒருவன் கீழே கிடந்த சேவுகனை விலாவில் மிதித்தான். அவனுக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை.

அமராவதி திரும்பி வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் தம்பியைப் பார்த்தாள். தொரட்டியின் கொக்கியில் தோலும் மயிரும் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அது யாருடைய தொரட்டி என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை. முந்தானையைக் கிழித்துத் தம்பி தலையைக் கட்டினாள். அவள் நசுங்கிய விரலிலிருந்து வந்த ரத்தமும் அதில் கலந்தது.

சேவுகனுக்குப் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் தலையில் தையல் போட்டு, கைக்குக் கம்பி வைத்தார்கள். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது, ரெங்கராஜ் ஆட்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னான். தொரட்டியால் அடித்தது யார் என்றதற்கு, கண்ணில் ரத்தம், தெரியவில்லை என்றான். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அமராவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏண்டா சொல்லல?" என்று போலீஸ் போன பிறகு கேட்டாள்.

"ஒனக்காகன்னு நெனச்சுக்கிறாத. எம் பேச்சுக்கு வழி வுடாதவன் பேர எதுக்கு நான் எடுக்கணும்" என்றான் சேவுகன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஊர் ஆள் என்று யாரும் முடிவாகவில்லை. வெளிநாட்டுத் தலைக்கட்டு மொத்தமும் அந்தக் கூட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சேவுகன் கட்டுப் போட்ட தலையோடு போய் மனுப் போட்டான், ரெங்கராஜும் போட்டான். ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொருவரையும் பெண்கள் வாசலிலேயே நிறுத்தி, லைன் விஷயத்தில் என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். ரெங்கராஜும் கையைக் கூப்பி, இனி எல்லாருக்கும் ஒரே வேகம் என்றான். அவன் வாயிலிருந்து அதை வரவழைக்க ஒரு கண் போக வேண்டியிருந்தது. ஓட்டுக்கு முன்னாலேயே கார்த்திகையில் நல்ல மழை பெய்தது. கண்மாய் பாதி நிறைந்தது.

நாகராசு மறுபடியும் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். வேறு கம்பெனி லைன் எடுத்தான். பெட்டி எதுவும் வைக்கவில்லை. எல்லா வீட்டிலும் முகங்கள் துல்லியமாக வந்தன. அவன் போனால் பெண்கள் கோளாறைச் சொல்வார்கள், சரியானதும் வருது என்பார்கள். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் அமராவதி அவனுக்குச் சோறு போடுவாள். குழம்பு ஊற்றுவாள். பேச்சு லைனைப் பற்றி மட்டும்தான்.

சிவபிரகாஷ் வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவைக் கூப்பிடுவான். மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் கூப்பிட்டான். மாமாவுக்குக் கண்ணாடிக் கண் வைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். சமையல்கட்டுக்குள் நாகராசு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். போனின் மூலையில் அவன் முகம் விழுந்ததும் மகனின் படம் நின்றது. பிறகு இருட்டானது.

"லைன் போயிருச்சு" என்றான் நாகராசு.

அவன் ஏணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வீட்டுக்கு எதிரே இருந்த போஸ்ட்டில் சாத்தி ஏறினான். மழைக்கு ஈரமாகிக் கிடந்த ஜாயிண்ட் பெட்டியைத் திறந்தான். அணில் கடித்த தடமும் இல்லை, வெட்டும் இல்லை. இருந்தும் பிரித்தான், துடைத்தான், மறுபடியும் சேர்த்தான்.

கீழே அமராவதியின் கையில் போன் அடித்தது. எடுத்தாள். மகன் முகம் வந்தது. நெற்றியில் இருந்த வியர்வை கூடத் தெரிந்தது. "அப்பா போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டான்.

மேலேயிருந்து நாகராசு கத்தினான்.

"இப்ப வருதா?"

அமராவதி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"வரல" என்றாள்.